காட்டிக்கொடுக்காத கலவை

எனக்கு மங்கலம்பேட்டை. எங்க ஊர்லேர்ந்து உளுந்தூர்பேட்டை போய் பஸ் மாறினா கள்ளக்குறிச்சி. 2024 ஜூன்ல அங்க மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. “குடிக்கும்போதே தெரியாதா?”னு பலரும் கேட்டாங்க. தெரியாது. ஏன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

50 மில்லி தண்ணீரும் 50 மில்லி எத்தனாலும் கலந்தா 100 வராது, சுமார் 96தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து நெருங்கிவிடும், கலவை சூடாகும். 1865-ல் மெண்டலீவ் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்தச் சேர்க்கையைத்தான்.

மெத்தனாலும் எத்தனாலும் அப்படியில்ல. ரெண்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஹைட்ரஜன் பிணைப்பு. சொல்லிக்கிற மாதிரி சூடும் இல்ல, சுருக்கமும் இல்ல. தனியா அடுக்கும் கட்டாது.

இந்த ஒற்றுமையை ஒரு அரசாங்கமே பயன்படுத்தியிருக்கு. 1855-ல் பிரிட்டன் தொழிற்சாலைச் சாராயத்துக்கு வரிவிலக்கு கொடுத்தது. யாரும் அதைக் குடிச்சிடக் கூடாதுன்னு, மரத்திலிருந்து வடித்த கச்சா மெத்தனாலைச் சேர்த்தாங்க. கொதிநிலை 65, 78 டிகிரி. சாதாரணமா காய்ச்சி வடிச்சா முழுசா பிரியாது. அன்னைக்கு அதோட நாத்தமாவது எச்சரிச்சது. இன்றைய சுத்தமான மெத்தனாலில் அதுவும் இல்ல.

வித்தியாசம் தெரியுறது கல்லீரல்லதான். அங்க எத்தனால் அசிட்டிக் அமிலமாகும். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகி கண் நரம்பைத் தாக்கும். அதுக்குப் பல மணி நேரம்கூட ஆகலாம்.

அதனால, குடிச்ச ஒருத்தர் மறுநாள் “கண்ணு மங்கலா தெரியுது”ன்னா, போதைன்னு விட்டுடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.