வால்ப்ரோயேட்டும் கார்னிட்டினும்
வலிப்பு நோய்க்கும் இருமுனை மனநோய்க்கும் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் மருந்தால் சிலருக்கு இரத்தத்தில் அமோனியா கூடிவிடும். அதைக் குறைக்கத் தரப்படும் துணைச்சத்து எல்-கார்னிட்டின். அமினோ அமிலம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொள்ளும் பொருள் இது. 1905இல் இறைச்சிச் சாற்றில் கண்டறியப்பட்டதால், இறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பெயராயிற்று. சைவ உணவில் இது மிகக் குறைவு.

கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச் செல்வது கார்னிட்டினின் வேலை. வால்ப்ரோயேட்டும் எட்டு கரிம அணுக்கள் கொண்ட ஒரு கொழுப்பு அமிலந்தான். அது கார்னிட்டினோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரில் வெளியேற, உடலின் கையிருப்பு கரைகிறது. கொழுப்பு எரிவது தடைப்பட்டதும், யூரியா சுழற்சியின் முதல் நொதியை முடுக்கும் என்-அசெட்டைல் குளுட்டமேட்டும் குறைகிறது. யூரியாவாக மாறிப் போயிருக்க வேண்டிய அமோனியா இரத்தத்திலேயே தேங்குகிறது.

பலருக்கு அறிகுறியே இராது. சிலர் தூங்கி வழிவார்கள். வாந்தி, குழப்பம், நடையில் தள்ளாட்டம் வரும். வலிப்பே கூடுவதும் உண்டு. அதைப் பார்த்து மருந்தின் அளவை ஏற்றினால் நிலைமை மோசமாகும். கல்லீரல் பரிசோதனை ஒழுங்காக இருக்கும்போதே அமோனியா ஏறியிருக்கலாம்; ஏமாந்துபோகும் இடம் இதுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், டோபிராமேட், ஃபீனோபார்பிட்டல் போன்ற வேறு வலிப்பு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்வோருக்கும் ஆபத்து அதிகம். பிறவியிலேயே யூரியா சுழற்சிக் குறை உள்ளவர்களுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கவே கூடாது.

அமோனியாவை அளக்க இரத்தம் எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கிப் பிடிக்கச் சொன்னால் தசையிலிருந்து கசியும் அமோனியாவும் கணக்கில் ஏறிவிடும். குழாயை உடனே பனிக்கட்டியில் புதைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மேசையில் கிடந்த மாதிரி பொய் சொல்லும்.

முதல் சிகிச்சை, மருத்துவர் மேற்பார்வையில் வால்ப்ரோயேட்டைக் குறைப்பதோ நிறுத்துவதோதான். கார்னிட்டின் அதற்குத் துணை. வாய்வழியாக நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம், அதிகபட்சம் 3 கிராம் தருவது வழக்கம். மயக்க நிலையில் இருப்பவருக்குச் சிரை வழியே கிலோவுக்கு 100 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இதற்குச் சான்றுகள் பெரும்பாலும் நோயாளிகளைக் கவனித்து எழுதிய பதிவுகளே. பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அரிது. அறிகுறியில்லாத எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை.

பக்கவிளைவுகள் சிறியவை: குமட்டல், வயிற்றுப்போக்கு. குடல் நுண்ணுயிரிகள் கார்னிட்டினை டிரைமெத்திலமைனாக மாற்றுவதால், அளவு கூடும்போது வியர்வையிலும் மூச்சிலும் மீன் கவிச்சி அடிக்கும்.