குவிமாடமும் கணக்கேடும்

1418-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள், இத்தாலியின் புளோரன்சு நகரில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. நகரின் பேராலயத்திற்குக் குவிமாடம் எழுப்பும் வழியறிந்தவர் எவராயினும், செப்டம்பர் முடிவதற்குள் தம் மாதிரியைக் கொண்டுவரலாம். ஏற்கப்படும் மாதிரிக்கு 200 தங்கப் புளோரின் பரிசு. நம் நாளிதழ்களில் அரைப்பக்கம் நிறைக்கும் ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த அழைப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

குவிமாடத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் சிற்பியாகிய பிலிப்போ புரூனெலெஸ்கியின் மேதைமையையே பாடுகின்றனர். அது தகும். ஆயினும் மேதை ஒருவருக்கு வேலையை ஒப்படைத்து, பதினாறு ஆண்டுகள் கூலி கொடுத்து, கணக்குக் கேட்டு, இறுதிவரை விலகாமல் நின்ற ஒரு சிறு நகரத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 1348-இன் கொள்ளைநோய் புளோரன்சின் மக்கள்தொகையைப் பெருமளவு குறைத்துவிட்டது. 1427-இல் எடுத்த வரிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 40,000 பேர். நம் நாட்டில் ஒரு நகராட்சிக்குரிய அளவுதான்.

பேராலயத்தின் அடிக்கல் 1296-இல் இடப்பட்டது. பணி விட்டுவிட்டு நடந்ததால், 1331-இல் அப்பொறுப்பைக் கம்பளி வணிகர் சங்கத்திடம் நகர அரசு ஒப்படைத்தது. சங்கம் தன் உறுப்பினர்களிடையே இருந்து பொறுப்பாளர்களை நியமிக்கும். அவர்கள் கூடும் அமைப்புக்கு ‘ஓப்பெரா’ என்று பெயர். ‘வேலை’ என்பதே அச்சொல்லின் பொருள். அரசு வருவாயில் ஒரு பங்கு அதற்கு வந்தது. உயில் எழுதும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை ஆலயப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே அது வணிகர் கட்டிய ஆலயம் மட்டுமன்று. இறந்தோர் அனைவரும் கல் எடுத்துக் கொடுத்த ஆலயம்.

பொறுப்பாளர்களின் பதவிக்காலம் சில மாதங்களே. நகரின் உயர் ஆட்சிக்குழுவாகிய ஒன்பதின்மர் அவையோ இரண்டே மாதங்களில் மாறிவிடும். பைகளில் இடப்பட்ட பெயர்ச்சீட்டுகளிலிருந்து திருவுளச்சீட்டு முறையில் ஆட்களை எடுத்தார்கள். நாற்காலி சூடேறுமுன் எழுந்துபோக வேண்டிய இவர்கள், தலைமுறைகள் நீளும் ஒரு வேலையை எப்படி நடத்தினார்கள்?

எழுத்தினால் நடத்தினார்கள். ஓப்பெராவின் எழுத்தர் ஒவ்வொரு தீர்மானத்தையும் பதிந்தார். எவருக்கு எத்தனை நாள் கூலி, எந்தச் சூளையிலிருந்து செங்கல், எந்த மரம் என்ன விலை, எவர் பிணை நின்றார் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறின. குவிமாடம் எழுந்த காலத்து ஆவணங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. பொறுப்பாளர் மாறினாலும் ஏடு மாறவில்லை. பங்கில் ஒரு சுற்றுச்சுவர் எழுப்பிப் பார்த்தவர்களுக்கு, ஏடு ஒழுங்காக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும்.

இன்னொரு கட்டும் இருந்தது. 1367-இல் நகரத்தார் ஒரு மாதிரியை ஏற்றுக்கொண்டனர். எட்டுப் பக்கம் கொண்ட குவிமாடம். உள்அகலம் 72 முழம், அதாவது ஏறத்தாழ 42 மீட்டர். வெளியே முட்டுச்சுவர் தாங்கல் ஏதுமில்லை. அத்தகைய ஒன்றை எவரும் அதுவரை கட்டியதில்லை. எப்படிக் கட்டுவது என்பதும் எவருக்கும் தெரியாது. ஆயினும் அம்மாதிரியை விட்டு விலகுவதில்லை என்று பொறுப்பாளர்களும் தலைமைக் கட்டடக்காரர்களும் ஆண்டுதோறும் திருமறைநூலின்மேல் கைவைத்து ஆணையிட்டனர். வழி தெரியாத ஒன்றுக்கு ஆணையிட்டவர்களைத் துணிந்தவர் என்பதா, பேதையர் என்பதா? ஐம்பது ஆண்டுகள் வரை இரண்டாவது பெயரே அவர்களுக்குப் பொருந்துவதாகத் தோன்றியிருக்கும்.

இனி 1418-க்கு வருவோம். இத்தகைய வளைவுகளை மரச்சாரத்தின்மேல் கட்டுவதே அன்றைய வழக்கம். இவ்வளவு அகலத்துக்குச் சாரம் அமைப்பதற்கு மரமும் பணமும் எங்கே கிடைக்கும்? சாரமில்லாமலே கட்டுகிறேன் என்றார் புரூனெலெஸ்கி. முட்டையை நிமிர்த்தி நிறுத்திக் காட்டி அவர் வென்றதாகச் சொல்லும் கதை, நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய வசாரி என்பவர் தந்தது, சுவையானது, அவ்வளவே. ஆவணங்கள் காட்டும் உண்மை அதைவிடச் சுவையானது. அந்தப் போட்டியில் வென்றவர் என்று எவரும் அறிவிக்கப்படவில்லை. 200 புளோரின் பரிசும் எவருக்கும் தரப்படவில்லை! 1420 ஏப்ரலில் மூவர் நியமிக்கப்பட்டனர்: புரூனெலெஸ்கி, அவருடைய நெடுநாள் போட்டியாளர் லொரன்சோ கிபெர்த்தி, அனுபவம் மிக்க கொத்தனார் பட்டிஸ்டா தந்தோனியோ. முதலிருவருக்கும் ஒரே சம்பளம், மாதம் 3 புளோரின். 1401-இல் திருமுழுக்கு ஆலயக் கதவுக்கான போட்டியில் புரூனெலெஸ்கியை வென்றவர் இந்தக் கிபெர்த்தியே. அவரோடு பொறுப்பைப் பகிர நேர்ந்தது புரூனெலெஸ்கிக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் வணிகர் கண்ணால் பாருங்கள். ஒருவரையே நம்பிப் பொதுப்பணத்தை இறக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அவ்வாண்டு எழுதிய கட்டுமான விவரக்குறிப்புதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. ஓடுகளின் கனம், கல் வளையங்கள், இரும்புப் பிணைப்புகள் எல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. 30 முழ உயரம்வரை சாரமின்றிக் கட்டலாம். அதற்குமேல் எப்படிக் கட்டுவது என்பதைக் கட்டிவரும் அனுபவமே கற்பிக்கும், அப்போது முடிவு செய்துகொள்வோம் என்ற கருத்தும் அதில் உண்டு. ஓர் ஒப்பந்தத்தில் அறியாமையை இவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்! நம் காலத்து ஒப்பந்தங்களில் எல்லாமே தெரிந்ததாக எழுதப்படுகிறது; பிறகு திருத்திய மதிப்பீடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. புளோரன்சாரோ 1426-இல் குறிப்பைத் திருத்தி எழுதினார்கள். அப்போது புரூனெலெஸ்கியின் சம்பளம் ஆண்டுக்கு 100 புளோரினாக உயர்ந்தது; கிபெர்த்தியின் சம்பளம் பழைய அளவிலேயே நின்றது. எவர் உழைப்பு எவ்வளவு என்பதை அதற்குள் ஏடு காட்டிவிட்டது போலும்.

புரூனெலெஸ்கி செய்த மாட்டுப் பாரந்தூக்கிக்கு 100 புளோரின் கொடுத்தார்கள். மாடுகளை நுகத்தினின்று அவிழ்த்துத் திருப்பாமலே ஏற்றவும் இறக்கவும் வல்லது அது. 1421-இல் அர்னோ ஆற்றில் பளிங்குக்கல் கொண்டுவர அவர் அமைக்கும் படகுக்கு மூன்று ஆண்டுத் தனியுரிமையை நகர அரசு வழங்கியது. அந்தப் படகு சில ஆண்டுகள் கழித்துச் சரக்கோடு தோற்றுப்போனது. ஓப்பெரா என்ன செய்தது? பெரிய மனிதர் என்று விட்டுவிடவில்லை. பேசியபடி பளிங்கைச் சிறு படகுகளில் கொண்டுவந்து சேர்க்குமாறு அவருக்கு ஆணையிட்டது. 1434-இல் சங்கக் கட்டணம் செலுத்தவில்லை என்று கொத்தர் சங்கம் அவரைச் சிறையிலிட்டபோதோ, அதே ஓப்பெரா பொங்கியெழுந்து, அச்சங்கத் தலைவர் ஒருவரைச் சிறைப்பிடிக்கச் செய்து தன் சிற்பியை மீட்டது. கண்டிப்பும் காப்பும் ஒரே கையில் இருந்தன.

ஆனால் இந்தச் சித்திரத்தின் இருண்ட பக்கத்தை மறைத்தால் அது வரலாறாகாது. ஓப்பெராவை நடத்தியவர்கள் கம்பளி முதலாளிகள். அவர்களுடைய பட்டறைகளில் கம்பளியை அடித்துச் சிக்கெடுத்த கூலிகளுக்குச் சங்கம் அமைக்கும் உரிமைகூட இல்லை. 1378-இல் ‘சியோம்பி’ எனப்பட்ட அக்கூலிகள் கிளர்ந்தெழுந்து சில வாரங்கள் ஆட்சியில் பங்கு பெற்றனர்; பின்னர் அடக்கப்பட்டனர். பெயர்ச்சீட்டுப் பையில் அவர்கள் பெயர் மீண்டும் விழவில்லை. கொத்தர்கள் கூலி உயர்வு கேட்டு நின்றபோது, புரூனெலெஸ்கி வெளியூராரை அமர்த்தி, பணிந்து திரும்பியோரைக் குறைந்த கூலிக்குச் சேர்த்தார் என்று வசாரி எழுதுகிறார். அதைக் கெட்டிக்காரத்தனமாகவே எழுதுகிறார். இறந்தோரின் உயிலில் பங்கு கேட்ட நகரம், உயிரோடு சாரத்தில் நின்றவனின் குரலை ஏட்டில் பதியவில்லை. 1434-இல் நாடுகடத்தலினின்று மீண்ட கொசிமோ மெதிச்சியின் ஆட்கள், அந்தப் பையில் எவர் பெயரை இடுவது என்பதையே தீர்மானிக்கத் தொடங்கினர். சீட்டு எடுக்கும் சடங்கு மட்டும் தொடர்ந்தது.

1436 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். புளோரன்சாருக்கு அதுவே புத்தாண்டும்கூட. அன்று, உரோமையைவிட்டு வந்து அந்நகரில் தங்கியிருந்த திருத்தந்தை நான்காம் யூஜின் பேராலயத்தை அருட்பொழிவு செய்தார். ஆகஸ்டில் குவிமாடம் மூடியது. அதன் உச்சி விளக்குமாடத்திற்கு ஓப்பெரா மறுபடியும் ஒரு போட்டி அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் புரூனெலெஸ்கி மற்றவர்களோடு வரிசையில் நின்று தம் மாதிரியைக் கொடுக்க வேண்டியிருந்தது. வென்றார், ஆனால் 1446-இல் மறைந்தார், மாடம் முடிந்ததைக் காணவில்லை. உச்சியில் செப்புக் கோளம் ஏறியது 1471-இல்.

இன்றும் அங்கே செல்வோர் குவிமாடத்தின் அடிவளையத்தை உற்றுப் பார்க்கலாம். 1500-களின் தொடக்கத்தில் எட்டுப் பக்கங்களிலும் ஒரு தூண் நடைமாடம் கட்டத் திட்டமிட்டார்கள். 1515-இல் ஒரு பக்கம் முடிந்தது. மைக்கேலாஞ்சலோ அதைப் பார்த்துச் சிள்வண்டுக் கூண்டு என்று ஏளனம் செய்ததாகச் சொல்கிறார்கள். ஓப்பெரா வேலையை நிறுத்தியது. மற்ற ஏழு பக்கங்களும் பூச்சில்லாத கல்லாகவே நிற்கின்றன.