வேலிக்கு வந்த செடி

முதுமலை வழியாக மசினகுடிப் பக்கம் போகிறவர்கள் அந்தச் செடியைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஒரே கொத்தில் நடுவே மஞ்சள் பூ, ஓரத்தில் இளஞ்சிவப்பு. மகரந்தம் சேர்ந்துவிட்ட பூ சிவந்துபோகும்; சிவக்காத மஞ்சளைத் தேடித்தான் வண்ணத்துப்பூச்சி வரும். தண்டில் கொக்கி முள். இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. உண்ணிச்செடி என்போம். வனத்துறைக் குறிப்புகளில் லாண்டானா.

பிறந்தது அமெரிக்க வெப்பமண்டலத்தில். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் பூவின் நிறத்துக்காக ஒன்றோடொன்று கலந்து புதுப்புது ரகங்களை உண்டாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வந்து இறங்கியது இந்தக் கலப்பினம்தான். பூவுக்காகவும் வேலிக்காகவும் துரைமார்கள் அதை ஊர் ஊராக நட்டார்கள். வேலிக்கு அதைவிட வாகான செடி ஏது? மாடு வாய் வைக்காது. தப்பித் தவறித் தின்றுவிட்டால் கல்லீரல் கெடும். வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். மானும் காட்டெருமையும் ஒதுங்கிப் போவதும் இதனால்தான். ஆனால் அதன் கருநீலப் பழம் சின்னான் குருவிக்குப் பிடிக்கும். குருவி தின்றது, பறந்தது, காட்டுக்குள் எச்சமிட்டது. வேலியின் வேலை அத்தோடு முடிந்தது.

1921-லேயே அதன் காயைக் குடையும் ஒரு சிறு ஈயை ஹவாயிலிருந்து வரவழைத்து விட்டுப் பார்த்தார்கள். செடி அசரவில்லை. நாட்டின் புலிக் காடுகளில் சுமார் 40 சதவீதப் பரப்பை அது அச்சுறுத்துகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இவ்வளவு தூரம் அது எப்படிப் பரவியது என்ற கேள்வியில்தான் கருத்துகள் மோதுகின்றன. சாமராஜநகர் மாவட்டத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானது: தீயை நிறுத்தினீர்கள், உண்ணி வந்தது. தை, மாசியில், கோடை முற்றும் முன், அவர்கள் காட்டுத் தரையில் சருகுத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்பார்கள். முழங்கால் உயரம்கூட எழாத தீ. காய்ந்த இலையையும் உண்ணியின் இளங்கன்றையும் பொசுக்கிவிட்டு, பெரிய மரத்தின் பட்டையைத் தொட்டுவிட்டுப் போய்விடும். பின்னால் புல் தளிர்க்கும். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் இந்தத் தீயில் அடங்கியிருந்தது என்கிறார்கள்.

காட்டில் தீ வைப்பது வெள்ளையர் காலச் சட்டத்திலேயே குற்றம். 1974-இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயம் ஆனது. உள்காட்டுக் குடியிருப்புகள் வெளியே வந்தன. சருகுத் தீயும் அதோடு அணைந்தது. 1997-இல் ஆய்வாளர்கள் அங்கே அளந்த மாதிரித் திட்டுகளில் பத்துக்கு நான்கில் உண்ணி இருந்தது. 2008-இல் அவற்றையே மறுபடி அளந்தபோது பத்துக்கு எட்டு.

வனத்துறையின் அச்சத்தைத் தட்டிவிட முடியாது. தீ மரக்கன்றை அழிக்கும், பறவைக் கூட்டை அழிக்கும், காற்று மாறினால் யார் கையிலும் நிற்காது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கும் மேல் எரிந்தது. காய்ந்த உண்ணிப் புதர் தீயைத் தரையிலிருந்து மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி. அறிவியலாளர்களும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள். தீ உண்ணியை வளர்க்கும், உண்ணி தீயை வளர்க்கும் என்ற கருதுகோளை அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005-இல் முன்வைத்தார்கள். பிறகு சோளகர்களிடம் உட்கார்ந்து கேட்டு, தங்கள் அளவீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்தப் பெரியவர்கள் சொல்வதற்கு வலுவிருக்கிறது என்று 2012-இல் எழுதினார்கள். தன் கருதுகோளையே மறுபடி சோதிக்கும் இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சோளகர்களும் வனத்துறையும் பேசுவது ஒரே தீயைப் பற்றி அல்ல. ஒன்று தை மாதத்துச் சருகுத் தீ. மற்றொன்று பல ஆண்டு எரியாமல் சேர்ந்த விறகில் பங்குனி வெயிலில் பற்றும் பெருந்தீ. முதலாவதை நிறுத்தியதால் இரண்டாவதற்கு விறகு சேர்ந்தது என்பதே என் கட்சி. ஆனால் இன்று உண்ணி ஆளுயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. பழைய முறைப்படி அதில் நெருப்பிட்டால் பந்திப்பூர்தான் திரும்ப நடக்கும். சோளகர்களுக்கும் இது தெரியும்.

ஆகவே முதலில் வெட்டியாக வேண்டும். மேலோடு வெட்டினால் அடுத்த மழையில் நாலு மடங்காகத் துளிர்க்கும். தரைக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையை வெட்டி, தலைகீழாகப் புரட்டிக் காயவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு முன்வைத்த முறை இது. வெட்டிய இடத்தில் புல் விதைக்காமல் விட்டால் உண்ணியே திரும்ப முளைக்கும். பல இடங்களில் பணம் வீணானது இங்கேதான்.

வெட்டிய குச்சிக்கும் வேலை இருக்கிறது. மாதேஸ்வரன் மலையில் அதைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டை உரித்து, சூடு ஆறும் முன் வளைத்து நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், சோளகர் கைகள் அதே குச்சியில் நிஜ அளவு யானைச் சிலைகளைச் செய்தன. 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் இதே போன்ற யானைகள் கப்பலேறி அமெரிக்கா போயின. கைவேலைக்குக் கூலி கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் உண்ணியை நாற்காலியும் யானையும் தின்று தீர்க்காது.

2011-இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கிடைத்தது. தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம். தீ மட்டும் இன்னும் குற்றம்தான். உண்ணி நீக்கிப் புல் பிடித்த சில திட்டுகளை அளந்து ஒதுக்குங்கள். சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டுங்கள். ஒரு தை மாதக் காலையில் வனக்காவலரும் ஆய்வாளரும் பக்கத்தில் நிற்க, பழைய தீயைப் பார்த்த சோளகப் பெரியவர் பற்றவைக்கட்டும். அந்த வயதில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட நேரமில்லை.