மேன் ரேயின் இருட்டறையிலிருந்து: பெரனீஸ் அபட்டின் உருவப்படங்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழும் முகம் புகைப்படங்களின் வழியாக வந்தது. அவற்றுள் இரு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது 1922-இல் மேன் ரே எடுத்தது. ‘யுலிஸஸ்’ நாவலைப் பதிப்பித்த சில்வியா பீச், அதற்கான விளம்பரப் படத்துக்காக ஜாய்ஸை அவரிடம் அனுப்பினார். கண் நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஜாய்ஸ் விளக்கொளியைத் தாங்க மாட்டாமல் தலையைக் கவிழ்த்துக் கையால் முகத்தை மறைத்துக்கொண்ட கணமும் அந்த அமர்வில் படமாயிற்று. இரண்டாவது 1926-இல் எடுக்கப்பட்டது. அதில் ஜாய்ஸின் ஒரு கண்ணைத் துணி மறைத்திருக்கிறது. நோய் மறைக்கப்படவில்லை, நாடகமாக்கப்படவும் இல்லை. களைத்த மனிதர் ஒருவர் தம்போக்கில் அமர்ந்திருக்கிறார். இதை எடுத்தவர் பெரனீஸ் அபட். அதற்குச் சற்று முன்புவரை மேன் ரேயின் இருட்டறையில் உதவியாளராக இருந்தவர்.

நாம் வியக்கும் ஒரு கலைஞரின் நிழலில் பணியாற்றுகிறவர் தமக்கென ஒரு பார்வையை எப்படி அடைகிறார் என்ற கேள்வி எழுத்துக்கும் இசைக்கும் உரியதுபோலவே புகைப்படத்துக்கும் உரியது. 1920-களின் பாரிஸில் இந்தக் கேள்வி ஒரே அறைக்குள், ஒரே விதமான கண்ணாடித் தகடுகளின்மீது நிகழ்ந்தது என்பதுதான் அபட்டின் கதையைச் சுவையானதாக்குகிறது.

அபட் 1898-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்கு வந்து, எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய வட்டத்தில் சேர்ந்தார். மேன் ரேயையும் மார்ஸல் துஷாம்பையும் அவர் முதலில் சந்தித்தது அங்கேதான். சிற்பியாகும் எண்ணத்துடன் 1921-இல் பாரிஸுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டே மேன் ரேயும் அங்கு வந்து சேர்ந்தார். பாரிஸிலும் பெர்லினிலும் சிற்பம் பயின்ற அபட்டுக்கு அக்கலை சோறு போடவில்லை. 1923-இல் மேன் ரே தம் இருட்டறைக்கு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். புகைப்படத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரே வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. தெரிந்தவர் வந்தால் தம் வழியில் பழக்க முடியாது என்று அவர் கருதினார். அந்தத் தகுதி தமக்கு முழுமையாக உண்டு என்று அபட் முன்வந்தார்.

மோன்பர்னாஸ் பகுதியில் கம்பான்-பிரமியேர் தெருவிலிருந்த அந்த ஸ்டூடியோவில் அபட் மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். தகடுகளைக் கழுவுவதும் அச்செடுப்பதும் அவர் பணி. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேன் ரே அவருக்கு அச்செடுக்கும் நுட்பத்தைச் சொல்லிக் கொடுத்தார். படம் எடுக்கக் கற்றுத்தரவில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒருவருடைய நெகட்டிவ்களை அச்சிடுகிறவர் அவருடைய தேர்வுகளையெல்லாம் தலைகீழ் ஒளியில் பார்த்துவிடுகிறார். எந்த நெற்றியில் எவ்வளவு வெளிச்சம், எந்தக் கன்னம் எங்கே நிழலுக்குள் இறங்குகிறது, எந்தத் தகடு விலக்கப்படுகிறது என்பவையெல்லாம் கைக்குப் பழகிவிடுகின்றன. களிமண்ணில் வடிவம் தேடிய ஒருவருக்கு, வெள்ளைத் தாளின்மீது ஒரு முகம் மேடு பள்ளங்களோடு எழுந்து வருவது புதிய சிற்பக்கலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

1925 வாக்கில் மேன் ரே தம் ஸ்டூடியோவை அவருடைய சொந்தப் படங்களுக்கும் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார். அபட் முதலில் நண்பர்களை எடுத்தார். நண்பர்கள் நண்பர்களை அழைத்து வந்தனர். விரைவில் பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோரும் வந்தனர். ஒரே கூரையின்கீழ் இரண்டு புகைப்படக்காரர்கள் என்ற நிலை நெடுநாள் நீடிக்க இயலாது. பெக்கி குகன்ஹைம் படம் எடுத்துக்கொள்ள விரும்பியபோது மேன் ரேயைக் கேட்காமல் அபட்டைக் கேட்டார் என்றும், விரிசல் அங்கே தொடங்கியது என்றும் சொல்வார்கள். 1926-இல் அபட் விலகினார். குகன்ஹைம் உள்ளிட்ட நண்பர்களின் பண உதவியுடன் ரூ து பாக் தெருவில் தம் சொந்த ஸ்டூடியோவைத் திறந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய உருவப்படங்களின் முதல் தனிக்காட்சி பாரிஸில் நடந்தது.

அந்தப் படங்களில் மேன் ரேயின் தடம் இருக்கிறதா? இருக்கிறது. வெற்றுச் சுவர், குறைவான பொருட்கள், முகத்தையும் கைகளையும் நம்பி நிற்கும் சட்டகம், எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் ஒரு காலத்தின் சாட்சிகளாகக் கருதும் மனோபாவம் இவையெல்லாம் அந்த ஸ்டூடியோவில் கிடைத்தவை. அமர்ந்தவர்களும் பெரும்பாலும் அதே வட்டத்தினர். சில்வியா பீச்சின் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ புத்தகக் கடைச் சுவரில் இருவர் எடுத்த படங்களும் தொங்கின.

ஆனால் நோக்கம் வேறு. மேன் ரேக்கு முகம் ஒரு மூலப்பொருள். 1922-இல் கஸாத்தி சீமாட்டியை எடுத்தபோது படம் அசைந்து, அவருக்கு அடுக்கடுக்காய்க் கண்கள் இருப்பதுபோல் பதிந்துவிட்டது. வீணானதென்று ஒதுக்கப்படவேண்டிய அந்தத் தகட்டிலிருந்து மேன் ரேயின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று பிறந்தது. 1924-இல் கிகி என்ற பெண்ணின் முதுகைக் காட்டும் புகைப்படத்தின்மீது வயலினின் ஒலித்துளைகளைச் சேர்த்து அவளையே ஒரு வாத்தியமாக்கினார். அவை மேதைமையான படங்கள்தாம். அவற்றில் நாம் காண்பது மேன் ரேயின் கற்பனையை.

அபட்டின் படங்களில் காண்பது எதிரே அமர்ந்தவரை. ஜூனா பார்ன்ஸ், ஜேனட் ஃப்ளானர், சில்வியா பீச் ஆகியோர் எழுதியும் செய்தியனுப்பியும் புத்தகம் விற்றும் தம் காலில் நின்ற பெண்கள். அபட்டின் ஸ்டூடியோவில் அவர்கள் எவருடைய கனவுக்கும் உருவம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஃப்ளானர் தலையில் ஆண்களுக்குரிய உயரமான தொப்பி. அதன்மேல் இரண்டு முகமூடிகள். வேடம் போலத் தெரிந்தாலும் அது அவரே தேர்ந்துகொண்ட வேடம். அவர் தம்மை எப்படி முன்வைக்க விரும்பினாரோ அதற்குப் புகைப்படக்காரர் இடம் கொடுத்திருக்கிறார். தானும் தனியாக ஊர் கடந்து வந்து உழைத்துப் பிழைத்த பெண் என்பதால் அபட்டுக்கு இந்த இடங்கொடுத்தல் இயல்பாக வந்தது என்று நினைக்கிறேன்.

நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலையிடத்தில் வைத்து, கிளிக்கு இடைநிலையையே தருகிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்வது குற்றமில்லை, ஆனால் போதாது என்பது அதன் கருத்து. மேன் ரேயின் ஸ்டூடியோ கிளிகளை உருவாக்கவில்லை. 1929-இல் அங்கு வந்த லீ மில்லர் பின்னாளில் இரண்டாம் உலகப்போரையும் நாஜி வதைமுகாம்களையும் பதிவுசெய்தார். அதே காலத்தில் அங்கு பணியாற்றிய பில் பிராண்ட் இங்கிலாந்தின் வர்க்க வாழ்வைப் படமாக்கினார். ஒருவர் பாணி இன்னொருவரிடம் இல்லை. இதில் ஆசிரியருக்கும் பெருமை உண்டு.

அபட்டின் பாதையைத் திருப்பியதும் அந்த ஸ்டூடியோதான். அதே தெருவில், சில வீடுகள் தள்ளி, யூஜென் அட்ஜே என்ற முதியவர் குடியிருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பழைய பாரிஸின் தெருக்களையும் கடை முகப்புகளையும் கனத்த கேமராவைச் சுமந்து திரிந்து எடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். மேன் ரே அவருடைய அச்சுகள் சிலவற்றை வாங்கி வைத்திருந்தார். 1926-இல் சர்ரியலிஸ்டுகளின் இதழில் அவற்றுள் நான்கு வெளியாயின. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். சர்ரியலிஸ்டுகள் அப்படங்களில் விசித்திரத்தைக் கண்டனர். அபட் கண்டதோ, கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடியே ஏற்கும் பெரும் பொறுமையை. தம் உருவப்படங்களில் தாம் தேடிக்கொண்டிருந்ததைத் தெருக்களில் ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

1927-இல் அபட் தம் ஸ்டூடியோவுக்கு அட்ஜேயை அழைத்தார். எப்போதும் ஒட்டுப்போட்ட வேலை உடுப்பில் காணப்பட்ட மனிதர் அன்று நல்ல மேலங்கி அணிந்து வந்தார். அபட்டுக்கு உள்ளூர ஏமாற்றம். அந்தப் பழைய உடுப்பையும் எடுக்க அவர் ஆசைப்பட்டிருந்தார். ஆயினும் வந்த கோலத்திலேயே, நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் எடுத்தார். நெடுநாள் துணைவியை முந்தைய ஆண்டு இழந்திருந்த முதியவரின் சோர்ந்த முகம் அது. அச்சுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது அட்ஜே இல்லை. ஆகஸ்ட் மாதம் இறந்துவிட்டிருந்தார்.

மறு ஆண்டு அட்ஜேயின் நண்பரிடம் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களையும் பல ஆயிரம் அச்சுகளையும் அபட் வாங்கினார். 1929-இல் நியூயார்க் திரும்பியபோது பாரிஸில் பெற்றிருந்த வாடிக்கையையும் பெயரையும் விட்டுவிட்டே திரும்பினார். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் உருவப்படம் எடுத்துக்கொள்ள ஆளில்லை. அந்த நகரத்தைத் தெருத்தெருவாகப் பதிவுசெய்து 1939-இல் ‘மாறும் நியூயார்க்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். 1958 வரை மாணவர்களுக்குப் புகைப்படம் கற்பித்தார். அட்ஜேயின் தொகுப்பையோ நாற்பது ஆண்டுகள் சுமந்து, அச்சிட்டு, அவரைப் பற்றி எழுதி, 1968-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். அந்த உழைப்பின் ஒரு பகுதியைத் தம் படங்களுக்குச் செலவிட்டிருக்கலாம். அதனால் அவருடைய பெயர் அட்ஜேயின் அடிக்குறிப்பாகவும் மேன் ரேயின் உதவியாளராகவும் நெடுங்காலம் குறுகி நின்றது.

அபட் 1991-இல் மேய்ன் மாநிலத்தில் காலமானார். ஒரு ஆசிரியரிடமிருந்து விலகிச் சென்றார், இன்னொருவரைக் காத்து நின்றார். முதல்வரைப் போல அவர் படம் எடுக்கவில்லை. இரண்டாமவரிடம் ஒருநாளும் மாணவியாக இருந்ததில்லை. அட்ஜேயின் முதுமையை நாம் இன்று அறிவது பெரும்பாலும் அந்த ஒரு நாள் அமர்வின் வழியாகத்தான். எதிரே இருப்பவர் தாம் எதிர்பார்த்த உடையில் வராதபோதும் அவரை அப்படியே ஏற்று ஷட்டரைத் திறந்த அந்தப் பண்பை எந்த இருட்டறையும் அவருக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது.