வெறுங்காலும் மெத்தைச் சப்பாத்தும்



1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் மாலை. உரோமாபுரியில் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. பொழுது சாய்ந்தபின், பழைமை வாய்ந்த அப்பியன் வீதியின் மருங்கில் இத்தாலியப் படைவீரர் தீவட்டி ஏந்தி நிற்கின்றனர். அவ்வொளியில் முன்னணியில் வருவோர் இருவர். ஒருவர் மொறொக்கோ நாட்டு றாடி. மற்றவர் எதியோப்பியப் பேரரசரின் காவற்படையைச் சேர்ந்த அபேபே பிக்கிலா. பிக்கிலாவின் கால்களிற் சப்பாத்து இல்லை.

1937இல் முசோலினியின் ஆட்சியினர் எதியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து பெயர்த்து வந்த கற்றூண் ஒன்று அவ்வோட்டப் பாதையின் ஓரத்திலே நின்றது. அதனருகே பிக்கிலா றாடியை முந்தினார். கொன்ஸ்தந்தீன் வளைவை அவர் அடைந்தபோது 2 மணி 15 நிமிடம் 16 வினாடி கழிந்திருந்தது. அதற்குமுன் எவரும் மரதனை அத்துணை விரைவில் ஓடி முடித்ததில்லை. கொள்ளைகொண்ட தலைநகரிலே, கொள்ளையிடப்பட்ட நாட்டின் மகன் வெறுங்காலுடன் வென்ற வெற்றி அது.

இக்கதையைக் கூறுவோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். அதன் பிற்பகுதியும் நாம் அறியவேண்டியதே. 1964இல் தோக்கியோ நகரில் அதே பிக்கிலா சப்பாத்து அணிந்து ஓடினார். குடல்வால் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே ஆகியிருந்தபோதிலும், 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மீண்டும் வென்றார். அப்படியாயின் வெற்றி தந்தது வெறுங்காலா, சப்பாத்தா? இவ்வினாவை மனத்திற் கொண்டு, ஓட்டச் சப்பாத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 'போர்ட் றொக்' என்னும் குகை ஒன்றுண்டு. 1938இல் ஒறிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லூதர் கிறெஸ்மன் அதனை அகழ்ந்தபோது, எரிமலைச் சாம்பற் படைக்குக் கீழே, செடிப்பட்டையை முறுக்கிப் பின்னிய செருப்புக்கள் பல கிடைத்தன. அவை 9,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை எனப் பின்னர் கணிக்கப்பட்டது. தட்டையான அடி, விரலை மூடும் ஒரு மடிப்பு, அவ்வளவே. கல்லும் முள்ளும் குத்தாமற் காப்பதே அவற்றின் பணி. குதிக்காலுக்கு மெத்தை வேண்டும் என்னும் எண்ணம் அவற்றைப் பின்னியவர்க்கு இருந்ததில்லை.

அவ்வெண்ணம் வளர்ந்ததில் அதே பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. அங்கு ஓட்டப் பயிற்சியாளராக விளங்கியவர் பில் பவர்மன். 1962இல் நியூசிலாந்து சென்ற அவர், ஆதர் லிடியாட் என்னும் பயிற்சியாளர் முதியோரையும் மெல்லோட்டம் ஓடச் செய்ததைக் கண்டு வியந்து, அவ்வழக்கத்தைத் தம் நாட்டிற் பரப்பினார். 1964இல் தம் மாணவர் பில் நைற்றுடன் சேர்ந்து சப்பாத்து வாணிகத்திலும் இறங்கினார். பின்னாளில் 'நைக்கி' எனப் பெயர்பெற்ற நிறுவனம் அதுவே. 'வாபிள்' என்னும் பணியாரம் சுடும் வீட்டு இரும்பச்சில் றப்பர்க் குழம்பை வார்த்து அவர் புதுவகை அடிப்பாகம் செய்த கதை பலரும் அறிந்ததே. 1970களில் நகரமக்கள் ஆயிரக்கணக்கில் ஓடத் தொடங்கினர். அவர்களுக்கென நுரைறப்பர் தடித்தது, குதிக்கால் உயர்ந்தது, காற்றடைத்த மெத்தையும் வந்தது.

எனினும், மெத்தை தடித்தபின்னும் ஓடுவோரின் முழங்கால் நோவும் குதிநோவும் ஒழியவில்லை. 2009இல் கிறிஸ்தொபர் மக்டூகல் என்பவர் 'போண் டு றன்' என்னும் நூலை வெளியிட்டார். மெக்சிக்கோ மலைகளில், பழைய மோட்டார் ரயரை வெட்டிச் செய்த செருப்புடன் நெடுந்தூரம் ஓடும் றறாமுறி மக்களைப் பற்றியது அந்நூல். 2010இல் ஹாவாட் பல்கலைக்கழகத்துத் தானியேல் லீபமன் குழுவினர் தம் ஆய்வை வெளியிட்டனர். வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர். கணுக்கால் வில்போல் வளைந்து கொடுக்கின்றது. குதியை முதலில் ஊன்றுவோர்க்கு ஏற்படும் திடீர் மோதல் அவர்களுக்குக் குறைகின்றது என அது காட்டியது. வெறுங்கால் ஓட்டம் காயத்தைத் தடுக்கும் என்று அவ்வாய்வு கூறவில்லை. ஆயினும் ஆர்வமிக்கோர் அவ்வாறே விளங்கிக்கொண்டனர். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறைகொண்ட மெல்லிய காலணிகள் பெருந்தொகையாக விற்பனையாயின.

விளைவு யாது? 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அனுபவமுள்ள 36 ஓட்டவீரருள் ஒரு பகுதியினர் பத்து வாரங்களில் படிப்படியாக அத்தகைய காலணிக்கு மாறினர். அவர்களுட் பலரின் பாத எலும்புகளில் மச்சைவீக்கம் காணப்பட்டது. 2014இல் அக்காலணியைச் செய்த 'விப்றம்' நிறுவனம், உடல்நலன் பற்றித் தான் செய்த விளம்பரங்கள் தொடர்பான வழக்கில், குற்றத்தை ஏற்காதபோதும், 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வழங்க உடன்பட்டது.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. முன்பாதத்தால் ஊன்றும்போது முழங்காலின் சுமை குறைகின்றது. ஆனால் அச்சுமை மறைந்து போவதில்லை. கெண்டைத் தசையும் குதிநாணும் பாதத்தின் மெல்லெலும்புகளும் அதனை ஏற்கின்றன. இருபது முப்பது ஆண்டுகள் மெத்தையில் உறங்கிய உறுப்புக்களை ஒரே நாளில் துயிலெழுப்பிப் பாரம் ஏற்றினால் அவை தாங்குமா? தசை சில வாரங்களிற் பழகிவிடும். எலும்பும் நாணும் பழகப் பல மாதங்கள் வேண்டும். ஆகவே மெல்லிய காலணியை விரும்புவோர் முதலில் அதனுடன் நடந்து பழகுதல் வேண்டும். பின்னர் வழக்கமான ஓட்டத்தில் ஒரு சிறுபங்கை மட்டும் அதனுடன் ஓடி, நோவு கண்டால் நிறுத்தி, மெல்ல மெல்லக் கூட்டுதலே முறையாகும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். உரோமாபுரியில் ஓடிய பாதமும் தோக்கியோவில் ஓடிய பாதமும் ஒன்றே. அது நெடுநாள் பழக்கத்தால் உரமேறிய பாதம். சப்பாத்து அதற்குத் துணையாயிற்றேயன்றி ஊன்றுகோலாகவில்லை. பிக்கிலாவைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றியவர் பலர். அவர் கால் பெற்றிருந்த பயிற்சியைப் பெற்றவரோ சிலரே. கழற்றுவதற்கு ஒரு நொடி போதும். பழகுவதற்குத்தான் காலம் வேண்டும்.