கசடும் மீட்பும்: கலிபோர்னியப் பொன்னகழ்வு வரலாற்றில் ஒரு கூறு

நிலத்தின் மேற்பரப்பை அகழ்ந்து பொன் எடுக்க விழைவோர், அகழ்வுக்கு முன்னரே நிலமீட்புத் திட்டம் ஒன்றை வகுத்து ஒப்புதல் பெறுதல் வேண்டும் என்பது இன்று அமெரிக்கக் கலிபோர்னியாவில் சட்டம். இவ்விதி சுரங்கத் தொழிலோரின் நல்லெண்ணத்தால் பிறந்ததன்று. அதன் வேர், ஆற்றின் கடைப்பகுதியில் வாழ்ந்த உழவரும் ஊராரும் நெடுங்காலம் ஆடிய வழக்குகளில் உள்ளது. பலர் சிறிது சிறிதாகச் செய்த கேட்டிற்கு யார் பொறுப்பாளர் என்பதே அவ்வழக்குகளின் நடுநின்ற வினா. அதன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுவாம்.

1848ஆம் ஆண்டு சனவரியில் கொலோமா என்னுமிடத்தில் பொன் காணப்பட்டது. முதலில் வந்தோர் தட்டும் மரத்தொட்டியும் கொண்டு ஆற்றுமணலை அரித்தனர். எளிதில் கிடைத்த பொன் சில ஆண்டுகளில் தீரவே, மலைச்சரிவில் புதைந்து கிடந்த பழைய ஆற்றுச் சரளையை நாடினர். 1853இல் எட்வர்டு மேட்டிசன் என்பார் நெவாடா நகரை அடுத்து, உயரத்தினின்று இறங்கும் நீரைக் குழாய் முனைவழிப் பீய்ச்சிக் குன்றையே கரைக்கும் முறையைக் கையாண்டார். கரைந்த சேறு நீண்ட மரவாய்க்காலில் ஓடும். அதனுள் இட்ட பாதரசம் பொன்துகளைப் பற்றிக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் ஆற்றிற்குச் சென்றுவிடும். ஒரு கன கசம் மண்ணில் மிகச் சிறிதளவு பொன்னே இருப்பினும் ஊதியம் கிட்டியது இம்முறையின் ஆற்றல். கசட்டை அகற்றும் செலவை ஆறே ஏற்றுக்கொண்டமையால் வந்த ஊதியம் அது என்க.

யூபா ஆறு ஃபெதர் ஆற்றோடு கூடுமிடத்தில் மேரிசுவில் நகர் உள்ளது. கசடு படிந்து ஆற்றுப்படுகை அந்நகர்த் தெருக்களினும் உயர்ந்தது. கரைகளை உயர்த்த உயர்த்தப் படுகையும் உயர்ந்தது. 1875இல் வெள்ளம் நகருள் புகுந்தது. பழத்தோட்டங்களும் வயல்களும் மணல்மூடிப் பாழாயின. பின்னாளில் நிலவியலறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1917இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு அகழப்பட்ட மண் பனாமாக் கால்வாய்க்கு அகழ்ந்ததைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு என மதிப்பிட்டார்.

வழக்கு தொடுத்த உழவர்க்கு முதலில் தோல்வியே கிட்டியது. பேர் ஆற்றங்கரை உழவர் கீசு என்பாரின் வழக்கில், தனித்தனியே தொழில் செய்வோரை ஒருங்கே எதிர்வாதிகளாகச் சேர்த்தல் பொருந்தாது என மாநில உச்ச நீதிமன்றம் 1879இல் தீர்த்தது. எவருடைய மணல் எவருடைய வயலை மூடிற்று என ஆற்றைக் கேட்டறிதல் இயலுமோ? இத்தீர்ப்பு நிற்குமாயின் தீங்கு செய்தோர் பலராயிருத்தலே அவர்க்குக் காப்பாக அமைந்துவிடும். எனினும், மேரிசுவிலில் சொத்துடைய எட்வர்ட்சு உட்ரஃப் என்பார் கூட்டரசு நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், பல கம்பெனிகளை ஒருங்கே நிறுத்தலாம் என நடுவர் லாரென்சோ சாயர் கொண்டார். 1884 சனவரி 7ஆம் நாள், கசட்டை ஆற்றில் விடுதலுக்கு அவர் நிலையான தடை விதித்தார்.

இத்தீர்ப்பைச் சூழல் காப்பின் தோற்றுவாய் எனப் போற்றுவார் உளர். அது முற்றும் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை. நீதிமன்றம் கேட்டது ஆற்றைப் பற்றி. அகழ்ந்த குழியைப் பற்றி அன்று. 1893இல் இயற்றப்பட்ட காமினெட்டி சட்டமும் கசட்டைத் தேக்க அணை கட்டினால் அகழலாம் என்றதேயன்றி, அகழ்ந்த நிலம் பின்னர் என்னாகும் என வினவவில்லை. அக்குழிகளுள் பெரியதாகிய மாலகாஃப், 1965இல் மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. அதன் செங்குத்தான சுவர்கள் இன்றும் மழையில் கரைகின்றன.

நிலத்தைப் பற்றிய வினா 1975ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்க, நிலமீட்புச் சட்டத்தில்தான் எழுந்தது. ஓர் ஏக்கருக்கு மேல் நிலத்தைக் கலைப்பினும், ஆயிரம் கன கசத்திற்கு மேல் மண் பெயர்ப்பினும் திட்டம் வேண்டும். அகழ்வு முடியும் நாள், செல்லும் ஆழம், முடிந்தபின் நிலம் எதற்குப் பயன்படும் என்பன அதில் அமைதல் வேண்டும். சிறு சுரங்கத்தார்க்கு இதன் உட்பொருள் வேலையின் வரிசையே. மேல்மண்ணை முதலில் தனியே வழித்து, அடையாளமிட்டுக் குவித்தல் வேண்டும். பின்னரே பொன்னில்லா அடுக்கையும் பொற்சரளையையும் எடுத்தல் முறை. கழுவிய நீர் படிவுக்குட்டையில் தெளிந்து மீளப் பயன்படும். குழியை நிரப்புங்கால் பருங்கல் அடியிலும் நுண்மண் அதன்மேலும் சென்று, மேல்மண் இறுதியில் பரவும். முதல்நாளில் மேல்மண்ணைச் சரளையொடு கலந்துவிட்டவன் இறுதிநாளில் அதனை யாண்டும் பெறான். திட்டம் முன்னரே வேண்டப்படுவதற்கு இதுவே காரணம்.

மீட்டல் என்னும் சொல் தமிழில் அடகுப் பொருளுக்கும் வழங்குதல் கருதத்தக்கது. 1990இல் செய்த திருத்தம் ஏறக்குறைய அப்பொருளிலேயே அமைந்தது: அகழ்வோர் கைவிட்டுச் செல்லினும் நிலத்தை மீட்கப் போதிய பொறுப்புத்தொகைக்கு முன்னரே உறுதி தருதல் வேண்டும், அத்தொகை ஆண்டுதோறும் மறுமுறை கணிக்கப்படும்.

பழைய பாதரசம் மட்டும் எம்மீட்பிலும் அடங்காது படுகைகளில் கிடக்கின்றது. ஆற்றடி மணலை உறிஞ்சிப் பொன் தேடும் சிறு பொறிகளை 2009இல் மாநிலம் நிறுத்தியது. மீன்வளத்திற்கு நேரும் கேட்டோடு, அடங்கிக் கிடக்கும் பாதரசம் கிளறப்படும் என்பதும் அப்பொறிகளின்மேல் எழுந்த குறையாகும். தமக்குரிய பொன்னிலத்தில் இசைவின்றி அப்பொறியை இயக்கித் தண்டம் பெற்ற தனியொருவர், 1872ஆம் ஆண்டின் கூட்டரசுச் சுரங்கச் சட்டம் தமக்கு உரிமை தருகின்றது என வாதிட்டார். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.