புத்தளத்து முத்தும் வளர்ப்பு முத்தும்

கி.பி. 1344ஆம் ஆண்டு இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கிய மொறோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, பட்டாலா என்னும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அப்பட்டினம் புத்தளமே என்பர் அறிஞர். மன்னன்முன் குவிந்திருந்த முத்துக்களை அவனுடைய ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர் என அவர் எழுதியுள்ளார்.

அன்று ஆராயப்பட்டது முத்தின் தரமேயன்றிப் பிறப்பன்று. பிற்காலச் சலாபங்களிலும் (சிலாபம் என்ற ஊர்ப்பெயரே இச்சொல்லின் திரிபு என்பாருமுளர்) துளையிட்ட பித்தளைச் சல்லடைகளால் பருமன் பிரித்து, நிறத்தையும் உருட்சியையும் வணிகர் கண்ணாலேயே மதித்தனர். கண்ணாடிப் போலி பல்லில் உரசினால் வழுக்கும், மெய்ம்முத்தோ நறநறக்கும். அவ்வளவே சோதனை.

ஜப்பானிய வளர்ப்பு முத்து இச்சோதனைக்கு அகப்படவில்லை. மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்தை விளைவித்தார். 1921இல் உருண்டை முத்துக்கள் இலண்டன் சந்தையை எட்டியபோது வணிகர் கலங்கினர். மேற்படலம் சிப்பி சுரந்த உண்மைப் படலமாதலின், பல்லும் கண்ணும் ஒருங்கே தோற்றன. உள்ளிருப்பதோ மனிதன் வைத்த சிப்பியோட்டு மணி. அம்மணியின் அடுக்குகள் நேராக ஓடுவன. இயற்கை முத்தின் படலங்களோ வெங்காயம்போல நடுவிலிருந்து வட்டமாய்ச் சூழ்வன. துளையினூடே ஒளி செலுத்தியும் எக்ஸ்கதிர் கொண்டும் ஆய்வுகூடத்தார் இவ்வேறுபாட்டைக் கண்டனர்.

இலங்கைக் கடலிலோ 1907இன் பின் நெடுங்காலம் முத்துக்குளிப்பு நிகழவில்லை. அவ்விடைவெளியிலேதான் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்து விலையையும் வீழ்த்தியது. பாட்டியின் கழுத்திற் கிடந்த பழைய மாலையாயினும், இயற்கை முத்தென்று உயர்ந்த விலை கேட்பவர் இன்று ஆய்வுகூடச் சான்றிதழையே முதலிற் காட்டவேண்டியிருக்கிறது.